புகையிலைக் கொட்டகையில் ஒரு கர்னல்

வர்ஜீனியா மாகாணத்தில், கப்பல் உள்ளே வந்து போகிற அளவுக்கு அகலமான ஓர் ஆற்றின் கரையில், இரண்டாயிரம் ஏக்கர் நிலத்துக்கும் நாற்பத்தொரு அடிமைகளுக்கும் சொந்தக்காரராகவும், இங்கிலாந்து ராஜாவை எதிர்த்துச் சண்டை போட்ட படையில் கர்னலாகவும், சண்டை ஜெயித்த பிறகு மாகாணச் சட்டசபையில் எழுந்து நின்றால் மூன்று மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுதந்திரத்தைப் பற்றிப் பேசக்கூடியவராகவும் இருந்த பெரெக்ரின் வைல்டிங், மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார். புதன்கிழமை காலை ஏழு மணிக்கு எழுந்து, முகச்சவரம் செய்ய வெந்நீர் கேட்டார்.

வெந்நீர் கொண்டுபோனவன் கேட்டோ என்ற அடிமை. சர்வாதிகாரிக்குத் தலைவணங்க மாட்டேன் என்று உயிரை விட்ட ஒரு ரோமாபுரிக்காரனின் பெயர் அது. கர்னலுக்கு அந்த ரோமாபுரிக்காரன் மேல் அபார மரியாதை இருந்ததால், தன் ஜோடு துடைக்கிறவனுக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார். கேட்டோ வெந்நீர்க் கிண்ணத்தை வைத்தான், துண்டைக் கழுத்தில் கட்டினான், கன்னத்தில் கத்தியை வைத்தான். கன்னம் சுவர் மாதிரி குளிர்ந்திருந்தது. சவரம் செய்ய மயிர் ஒன்றும் வளர்ந்திருக்கவில்லை. இருந்தாலும் நுரை போட்டு, வழித்து, துடைத்து, "ஆச்சு எசமான்" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தான். சமையற்கட்டைக் கடந்து, தோட்டத்தைக் கடந்து, அடிமைகளின் குடிசை வரிசைக்கு வந்து, கெசாயாவின் வாசலில் நின்று, "மூட்டையை அவிழ்த்துடு, கெசாயா. அவர் எழுந்துட்டார்" என்றான்.

அந்த மூட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கர்னல் ஓர் உயில் எழுதி வைத்திருந்தார். விருந்துக்கு யார் வந்தாலும், மூன்றாவது கோப்பை மது முடிந்ததும், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, "நான் சாகும்போது என் பேரில் இருக்கிற ஒவ்வோர் ஆளும் அன்றைக்கே சுதந்திர மனிதர். எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டேன்" என்பார். விருந்தாளிகள் கைக்குட்டையை எடுப்பார்கள். நாற்காலிக்குப் பின்னால் நின்று மது ஊற்றிய கேட்டோ அதைக் கேட்டு வந்து குடிசை வரிசையில் சொல்வான். ஆகவே பதினோரு வருஷமாக அந்தத் தோட்டத்தில் நாற்பத்தொரு பேர் ஒரே மனிதரின் இருமலைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை அவர் தட்டின் மேல் தலையைச் சாய்த்ததும் எல்லாரும் முறைப்படி சத்தம் போட்டு அழுதார்கள். அழுதுகொண்டே போய் மூட்டை கட்டினார்கள். கெசாயா தன் மகள் லெட்டியின் இரண்டு பாவாடையையும், ஒரு சீப்பையும், ஒரு மரக்கரண்டியையும் வைத்துக் கட்டினாள். லெட்டிக்குப் பதினாறு வயது. கெசாயாவுக்குப் பிறந்த ஐந்தில் விற்கப்படாமல் மிஞ்சியது அவள் ஒருத்திதான்.

இப்போது அவள் மூட்டையை அவிழ்த்தாள். பாவாடைகளை ஆணியில் மாட்டினாள்.

கர்னலைப் பற்றி இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். அந்த மனிதர் தன் ஐம்பத்தெட்டு வருஷத்தில் ஒரு கதவைக்கூடத் தன் கையால் திறந்ததில்லை, சாத்தியதுமில்லை. அவர் நடந்தால் எதிரே கதவு திறந்தது, கடந்தால் பின்னால் சாத்திக்கொண்டது. அதில் யாருடைய கையாவது இருக்கிறதா என்று அவர் யோசித்தது கிடையாது. அவருடைய சிநேகிதர்களும் அப்படித்தான். பெரிய மனிதர்களின் வீட்டில் வளர்ந்தவர்கள், வேறு எப்படி இருப்பார்கள்?

சரி, செத்தவர் எழுந்துவிட்டார். ஊர் என்ன செய்தது என்று கேட்டால், ஊர் ஒரு வாரம் சங்கடப்பட்டது, பிறகு பழகிக்கொண்டது. டாக்டர் ட்வீடி என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வந்து நாடியைப் பிடித்துப் பார்த்து, மூக்கருகே கண்ணாடியைக் காட்டிப் பார்த்து, "வைத்தியத்தின்படி இவர் செத்துவிட்டார். சட்டத்தின்படி என்னவென்று எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, கர்னல் கொடுத்த மதுவை அவர் எதிரிலேயே உட்கார்ந்து குடித்தார். மாவட்ட நீதிபதி ஹென்ஷா, காலைச் சாப்பாடு கேட்கிற ஒருவரை இறந்தவர் என்று பதிவேட்டில் எழுதும் வழக்கம் தன் கோர்ட்டில் இல்லை என்றார். பாதிரியார், அடக்க ஜெபத்தை ஏற்கெனவே பாதி சொல்லிவிட்டதால் மிச்சப் பாதியைத் தேவைப்படும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றார். ஆப்பிள் தோப்பில் வெட்டிய குழியை மூடவா வேண்டாமா என்று ஒரு பேச்சு வந்தது. எப்படியும் வேண்டியிருக்கும் என்று திறந்தே விட்டார்கள். எஜமானி ஹொனோரியா அம்மாள் சிக்கனமானவள், அதில் வைக்கோலைப் பரப்பி டர்னிப் கிழங்குகளை அடுக்கி வைக்கச் சொன்னாள்.

சட்டசபைக்கு விஷயம் போனது. செத்தவர் உறுப்பினராக இருக்கக்கூடாது என்று மாகாண சாசனத்தில் எங்கேயும் இல்லை; அதை எழுதியவர்களில் கர்னலும் ஒருவர், அப்போது அவருக்கு அது தோன்றவில்லை. போகப்போக சபைக்கு அவரை முன்னைவிட அதிகமாகப் பிடித்துவிட்டது. செத்தவர் கொட்டாவி விடுவதில்லை, சாப்பாட்டுக்கு எழுந்து போவதில்லை, கட்சி மாறுவதில்லை. முன்பு மூன்று மணி நேரம் பேசியவர், மூச்சு விட வேண்டிய தொல்லை இல்லாததால், ஐந்து மணி நேரம் பேசினார். மனிதன் பிறக்கும்போதே சுதந்திரமாகப் பிறக்கிறான் என்று அந்த ஏப்ரலில் அவர் பேசிய பேச்சை அச்சடித்து விற்றார்கள், இரண்டு பதிப்பு போனது.

ஹொனோரியா அம்மாளும் பழகிக்கொண்டாள். உயிரோடு இருந்தபோது குறட்டை விட்டவர், இப்போது விடுவதில்லை. பக்கத்துத் தோட்டத்துச் சீமாட்டிகள் வந்து, "உங்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பழகிக்கொள்ள முடியாதவர்கள் குடிசை வரிசையில் இருந்தார்கள். ஆனால் அவர்களை யாரும் கேட்கவில்லை.

கெசாயா என்ன வேலை செய்தாள் என்றால், அவள் புகையிலைக்குப் பதம் பார்க்கிறவள். வெட்டிய புகையிலையைக் கொட்டகையில் கழிகளில் வரிசை வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே மெல்லிய தீ மூட்டி, புகையிலும் காற்றிலும் வாரக்கணக்காக உலர விடுவார்கள். எப்போது இறக்குவது என்று சொல்வதுதான் வித்தை. இலையைப் புறங்கையில் விரித்து லேசாக இழுப்பாள். ஒட்டினால் ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும். சலசலத்தால் காய்ந்து போயிருக்கிறது, தொட்டால் தூள். துணி மாதிரி மடிந்து விரிந்தால் பதம். நன்றாகக் காய்ந்த இலையை வறண்ட காற்றடிக்கிற நாளில் கழியிலிருந்து இறக்கவே கூடாது. மழைக்காற்று வந்து இலை இளகும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் ஒரு வருஷத்து உழைப்பு கைக்குள்ளேயே பொடியாகிவிடும். அந்த ஆற்றங்கரையில் பன்னிரண்டு தோட்டக்காரர்கள் அவள் கையைப் பற்றித் தெரிந்து வைத்திருந்தார்கள். அவள் பெயர் அவர்களுக்குத் தெரியாது. "வைல்டிங்கின் பதக்காரி" என்பார்கள்.

ஜூன் மாதம் வெயில் ஏறியது. கர்னலிடம் வாடை வர ஆரம்பித்தது. லவண்டர் பூக்களைப் பைகளில் கட்டிச் சட்டைக்குள் வைத்தார்கள், லவண்டர்தான் கெட்டது. சட்டசபையில் அவருக்கு இரண்டு பக்கமும் நான்கு நான்கு நாற்காலி காலியாயிற்று. இன்னும் ஒரு மாதம், அதிகம் போனால் ஒன்றரை மாதம் என்று கேட்டோ கணக்குச் சொன்னான். கெசாயா மறுபடி மூட்டையைக் கட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்தாள். அந்த வருஷத்துப் பயிர் எப்படி என்று கேட்பதற்காகக் கர்னல் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டிருந்தார். அவள் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவருடைய இடது காதுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் வட்டமாக ஒரு பூஞ்சைப் புள்ளியைப் பார்த்தாள். முப்பது வருஷம் இலையில் அந்தப் புள்ளியைப் பார்த்துப் பார்த்துப் பதறிய உடம்பு. மனசு யோசிப்பதற்குள் கை அவர் காதை மடக்கிப் பார்த்துவிட்டது, வாய் சொல்லிவிட்டது: "இது ஈரப் பூஞ்சை எசமான். கொட்டகையில தொங்கவிட்டு ரெண்டு வாரம் ஓக் கட்டைப் புகை காட்டினா நின்னுடும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். கர்னல் தன் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "நீ ரொம்ப நல்லவள், கெசாயா" என்றார்.

குடிசை வரிசையில் அன்றைக்கு அவளோடு யாரும் பேசவில்லை. கேட்டோ மட்டும் வந்து, "ஏன் கெசாயா, அந்த வாயில கொஞ்சம் கஞ்சியை ஊத்தி அடைச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டான். அவன் கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அழுகிற குரலில் கேட்டான்.

கர்னலைக் கொட்டகையில் தொங்கவிட்டார்கள். குதிரைச் சேணத்துத் தோல் வார்களை அக்குளுக்குக் கீழே கட்டி, இரண்டாவது வரிசைக் கழியில், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில். கெசாயா கீழே தீயைப் பார்த்துக்கொண்டாள். மேலே அவர் செய்தித்தாள் படித்தார். தும்மிக்கொண்டே நிற்கிற குமாஸ்தாவுக்குக் கடிதம் சொல்லி எழுத வைத்தார். ஆலோசனை கேட்க வந்த சட்டசபைக்காரர்கள் புகையிலைக் கொத்துகளுக்கு நடுவே தலையை அண்ணாந்துகொண்டு, வரி பற்றியும் பிரான்ஸ் தேசத்து நிலவரம் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்கள். இரண்டு வாரத்தில் பூஞ்சை நின்றது. ஒரு மாதத்தில் அவர் தேன் நிறத்துக்கு வந்தார். வாடை போய், முதல்தர வர்ஜீனியாப் புகையிலையின் மணம் வந்துவிட்டது. சட்டசபையில் அவர் பக்கத்து நாற்காலிக்கு இப்போது போட்டி. மாதத்துக்கு ஒரு வாரம் கொட்டகை, மூன்று வாரம் நாட்டுச் சேவை என்று ஏற்பாடாயிற்று. ஒவ்வொரு தடவையும் மழைக்காற்று வருகிற நாள் பார்த்து, அவருடைய புறங்கைத் தோலை இழுத்துப் பதம் பார்த்து, கெசாயாதான் இறக்கிவிட்டாள். இந்த ரீதியில் இவர் இருநூறு வருஷம் இருப்பார் என்று டாக்டர் ட்வீடி சொன்னார்.

செப்டம்பரில் ஒரு மத்தியானம், கொட்டகையில் வேறு யாரும் இல்லாதபோது, அவள் தீயைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"எசமான், கோவிச்சுக்காம சொல்லணும். நீங்க எப்ப சாகப் போறீங்க?"

மேலே செய்தித்தாள் மடிந்தது. "நியாயமான கேள்வி" என்றார் கர்னல். அவருக்குக் கோபமே வராது. அதற்குப் பெயர் போனவர். "நான் எப்பவும் விடுதலைக்கு ஆதரவானவன், கெசாயா. உனக்கே தெரியும். அதைப்பத்திப் பேசாத நாள் உண்டா? ஆனா நாடு இப்ப பச்சைக் குழந்தை. அடுத்த கூட்டத்தொடர் முடியட்டும். அதுக்கப்புறம் நிச்சயம் யோசிக்கணும்."

"போன வருஷம் உசுரோட இருந்தப்பவும் இதைத்தான் சொன்னீங்க."

"அப்பவும் அதுதானே நிஜம்?" என்றார் அவர், வருத்தமாக. அந்த வருத்தம் பொய் இல்லை. கெசாயாவுக்கு அதுதான் ஆறவில்லை. பொய்யனாக இருந்தால் மனசாரத் திட்டியாவது தீர்த்திருப்பாள்.

அக்டோபர் கடைசியில் கர்னலின் மகன் லயனல், மேற்கே கென்டக்கியில் நிலம் வாங்கியிருப்பதாகவும் அங்கே போய்க் குடியேறப் போவதாகவும் சொன்னான். காடு திருத்த ஆள் வேண்டும். அப்பா பத்துப் பேரைத் தானமாக எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். பத்துப் பேரின் பட்டியலைக் கேட்டோ சாப்பாட்டு மேஜையில் காதால் கேட்டு வந்து குடிசை வரிசையில் சொன்னான். ஏழாவது பெயர் லெட்டி.

கெசாயா ஓடவில்லை, நடந்தேதான் போனாள். வராந்தாவில் கர்னல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"எசமான், லெட்டியை மட்டும் விட்டுடுங்க. என்னை வேணா அனுப்புங்க. அவளுக்கு உயில்ல விடுதலை இருக்கு."

"இருந்தது" என்றார் கர்னல் மென்மையாக. "உயில் நான் சாகும்போது என் பேர்ல இருக்கிறவங்களுக்குத்தான். கையெழுத்துப் போட்டதும் அவ லயனல் பேருக்குப் போயிடுவா. சட்டம் அப்படி, நான் என்ன பண்றது? லயனலும் நல்ல பையன். அவனும் ஓர் உயில் எழுதுவான்." பிறகு, "உன்னை அனுப்ப முடியாது. உன்னை விட்டா எனக்கு யார் பதம் பார்ப்பா?" என்றார்.

லயனலுக்கு இருபத்திரண்டு வயது. குதிரையிலிருந்து விழுந்தால்கூட எழுந்து சிரிக்கிற உடம்பு.

நவம்பர் பத்தாம் தேதி கையெழுத்து என்று முடிவாயிற்று. சாட்சிக்கும் வழியனுப்பு விருந்துக்கும் சேர்த்து ஏழு கனவான்களை அழைத்திருந்தார்கள். அதற்கு முந்தின வாரம் விடாமல் தூறல். கர்னலின் விரல்கள் இளகிப்போய்ப் பேனா நிற்கவில்லை. கொட்டகையில் ஏற்றினார்கள். நல்ல தீயாகப் போடச் சொன்னார். கெசாயா போட்டாள். எட்டாம் தேதி தூறல் நின்றது. ஒன்பதாம் தேதி வடமேற்கிலிருந்து காற்று திரும்பியது. மலைகளைத் தாண்டி வருகிற, உதட்டை வெடிக்க வைக்கிற வறண்ட காற்று. பத்தாம் தேதி காலை கெசாயா ஏணியில் ஏறி அவர் புறங்கைத் தோலை இழுத்துப் பார்த்தாள். அது சலசலத்தது.

இங்கே அவள் ஒன்றும் சொல்லாமல் இறக்கியிருக்கலாம். குடிசை வரிசையில் பிறகு பலர் அதைத்தான் கேட்டார்கள்: ஏன் சொன்னாய்? அவளால் இலையைப் பற்றிப் பொய் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். "இன்னைக்கு இறக்கக் கூடாது எசமான்" என்றாள். "காத்து சரியில்ல. பதம் தப்பிப் போயிருக்கீங்க. மழை வரட்டும்."

"எப்ப வரும்?"

"நாலு நாள். அஞ்சுன்னு வெச்சுக்கோங்க."

"அஞ்சு நாளா?" கர்னலுக்கு முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "கீழே வண்டி பூட்டி நிக்குது. ஹென்ஷா, ட்வீடி எல்லாரும் வந்துக்கிட்டிருக்காங்க. அஞ்சு நாள் எப்படிக் காத்திருக்கிறது?"

கெசாயா ஏணியில் நின்றபடி அவரைப் பார்த்தாள். பதினோரு வருஷமும் எட்டு மாதமும் அவள் தலைக்குள் ஒரு நிமிஷம் வந்து போயின.

"அப்ப காத்து படாம பாத்துக்கணும்" என்றாள். "ஜன்னலெல்லாம் அடைச்சிடணும். கதவைத் திறந்தா உடனே சாத்திடணும்."

"அதுக்குத்தான் நீ இருக்கியே" என்றார் கர்னல். "நீயே வாசல்ல நில்லு."

கம்பளிகளில் சுற்றி, நான்கு பேர் தூக்கி, பெரிய கூடத்தில் மேஜைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். ஜன்னல்களை அடைத்தார்கள். கெசாயா முன்வாசலுக்கு வெளியே, படியில், கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து பார்த்தால் வண்டி தெரிந்தது. வண்டியில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். லெட்டி பின்கட்டையோரம், மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கனவான்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நீதிபதி ஹென்ஷா வந்தார். கெசாயா திறந்தாள், அவர் போனார், சாத்தினாள். இரண்டு சட்டசபைக்காரர்கள் ஒன்றாக வந்தார்கள்; திறந்தாள், சாத்தினாள். பாதிரியார், பக்கத்துத் தோட்டத்து இரட்டைச் சகோதரர்கள், திறந்தாள், சாத்தினாள். ஏழாவதாக டாக்டர் ட்வீடி, தொப்பியைக் காற்றில் பறக்கவிடாமல் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு வந்தார். கெசாயா திறந்தாள். அவர் உள்ளே போனார்.

அவள் கை பிடியில் இருந்தது. உள்ளே கர்னல் பேனாவை மைக்கூட்டில் தோய்ப்பது தெரிந்தது. வண்டியில் லெட்டி எழுந்து நின்றாள். கெசாயா பிடியை விட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது. விட்டுவிட்டுப் படியிறங்கி வண்டியை நோக்கி நடந்தாள், பின்னால் திரும்பாமல், வேகமாகவும் இல்லாமல்.

காற்று கூடத்துக்குள் நுழைந்தது. முதலில் கர்னலின் இடது காது போயிற்று, பிறகு மூக்கு நுனி. "கதவு" என்றார் கர்னல். ஏழு கனவான்களும் கதவைப் பார்த்தார்கள். பிறகு யாராவது வருவார்கள் என்று கதவுக்கு அப்பால் பார்த்தார்கள். ஹென்ஷா நீதிபதி என்பதால் சட்டசபைக்காரர்களைப் பார்த்தார். சட்டசபைக்காரர்கள் பாதிரியாரைப் பார்த்தார்கள். பாதிரியார் இரட்டையர்களைப் பார்த்தார். இரட்டையர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு டாக்டரைப் பார்த்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் நின்றவர் ட்வீடிதான். அவர் கை கொஞ்சம் நீண்டது. ஸ்காட்லாந்துக்காரன்தானே என்று தன்னை வேலைக்காரனாக நினைத்துவிடுவார்களோ என்று தோன்றவே, கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். லயனல் மணியடித்தான். கேட்டோ நாற்காலிக்குப் பின்னால் மதுக்கோப்பைத் தட்டோடு நின்றிருந்தான். இரண்டு கையிலும் தட்டு இருந்தது. நாற்பது வருஷம் தட்டு தூக்கியவனுக்கு, அதை எங்கே கீழே வைப்பது என்று அன்றைக்கென்று பார்த்துத் தெரியாமல் போய்விட்டது.

கர்னல் விஷயம் தெரிந்தவர். வாக்குவாதம் செய்து நேரத்தை வீணாக்காமல் பேனாவைக் காகிதத்தில் வைத்தார். 'பெரெக்' என்று எழுதினார். விரல்கள் இரண்டு பேனாவோடு சேர்ந்து மேஜையில் விழுந்தன. கம்பளிக்குள் சரசரவென்று சத்தம் கேட்டது. "யாராவது" என்றார் கர்னல். மிச்சத்தைக் காற்று எடுத்துக்கொண்டது. கூடம் முழுக்க அருமையான மணம். டாக்டர் ட்வீடி ஏழு தடவை தும்மினார். தும்மி முடித்து, வைத்தியத்தின்படியும் சட்டத்தின்படியும் இனி சந்தேகமில்லை என்றார். கர்னலுடைய கடைசி வார்த்தை 'சுதந்திரம்' என்று செய்தித்தாளில் போட்டிருந்தது.

லயனல் கோர்ட்டுக்குப் போனான். 'பெரெக்' என்பதே போதுமான கையெழுத்து என்று வாதாடினான். இல்லையென்றால் கதவைத் திறந்து போட்டவளை விசாரிக்க வேண்டும் என்றான். ஹென்ஷா யோசித்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் செத்த மனிதரைக் கதவைச் சாத்தாமல் கொல்வது எந்தச் சட்டத்தின் கீழ் வரும் என்று அவருக்குப் பிடிபடவில்லை. அதோடு, கதவு எவ்வளவு நேரம் திறந்திருந்தது, உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் யாருக்கு நடக்க முடியாது என்றெல்லாம் கேள்வி வரும். சாட்சிக் கூண்டில் அவரே ஏற வேண்டியிருக்கும். ஆகவே அரைக் கையெழுத்து கையெழுத்தாகாது என்று தீர்ப்புச் சொல்லி, உயிலை நிறைவேற்ற உத்தரவு போட்டார். அந்தக் கோர்ட்டில் இவ்வளவு சீக்கிரம் ஒரு வழக்கு முடிந்ததில்லை.

டர்னிப் கிழங்குகளை எடுத்துவிட்டுக் குழிக்குள் கம்பளிகளையும் இரண்டு விரல்களையும் வைத்தார்கள். பாதிரியார் மிச்சப் பாதி ஜெபத்தைச் சொன்னார்.

டிசம்பர் முதல் வாரத்தில் விடுதலைக் காகிதங்கள் வந்தன. பெரிய கூடத்தில் வைத்து ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டவர்கள், எப்போதும் போகிற சமையற்கட்டு வழியை மறந்துபோனவர்கள் மாதிரி, நேராக முன்வாசல் வழியாகப் போனார்கள். சிலர் சிரித்துக்கொண்டு போனார்கள். சிலர் அழுதுகொண்டு போனார்கள். கேட்டோ காகிதத்தை இரண்டு கையாலும், தட்டைப் பிடிக்கிற மாதிரியே பிடித்துக்கொண்டு போனான். நாற்பது பேர் போனார்கள். யாரும் கதவைச் சாத்தவில்லை.

கடைசியாகக் கெசாயா. காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். கீழே படியருகே லெட்டி மூட்டையோடு காத்திருந்தாள். உள்ளே ஹொனோரியா அம்மாள், மூன்று சால்வையைப் போர்த்திக்கொண்டு, கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கணப்பில் தீ இல்லை. அதை மூட்ட வேண்டியவன் கெசாயாவுக்கு முன்னால்தான் வெளியே போனான்.

"கெசாயா! கதவைச் சாத்திட்டுப் போ. குளிர் வருது" என்றாள் ஹொனோரியா அம்மாள்.

கெசாயா நின்றாள். பழக்கத்தில் கை பிடிக்குப் போயிற்று. போன கையைத் திரும்ப எடுத்தாள். எஜமானியம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறாள் என்று பட்டது. கொஞ்சம் பாவமாகக்கூடத் தோன்றியது. புதிதாக வேலைக்கு வந்த பெண்ணுக்குச் சொல்கிற மாதிரி, பொறுமையாகச் சொன்னாள்:

"ஒண்ணும் கஷ்டமில்லம்மா. எந்திரிச்சு வந்து, இந்தப் பிடியைப் புடிச்சு இழுத்தா தானா வந்துடும்."